நீளவாக்கில்

கடையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பெட்டியை அவள் பிரித்திருக்க வேண்டியதே இல்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலை இன்னும் காயவில்லை, ஒரு காலில் செருப்புகூட மாட்டியாகிவிட்டது. பின்னறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "அண்ணி, எனக்குக் கையெல்லாம் பெயின்ட். அந்தப் பெட்டிய மட்டும் பிரிச்சு, எங்க கீறியிருக்குன்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்களேன்." நாத்தனார் கண்ணாடிக் குடுவைகளுக்கு வண்ணம் தீட்டி, உள்ளே குட்டி பல்பு வைத்து, கடைவீதியிலுள்ள பரிசுப்பொருள் கடைக்கு விளக்குகளாகக் கொடுக்கிறாள். வீட்டின் பின்னறைதான் தொழிற்சாலை. சாப்பாட்டு மேசையும் அங்கே குடிபோய்ப் பல மாதமாகிறது. அவளுடைய அண்ணன், அதாவது இவளுடைய கணவன், லாரி ஓட்டிவிட்டு எப்போதாவது வீடு வந்து சேரும்போது தரையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, "இந்த வீட்ல வெளக்குக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல" என்பான். அதோடு சரி, அதற்கு மேல் அவனும் ஒன்றும் கேட்பதில்லை.

விளக்கு பத்திரமாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் நகம் பட்டதுபோல் ஒரு கோடு. சுற்றிலும் கிழித்த காகித நார். அந்த நாரும் இவள் கொண்டுவந்ததுதான். இவள் வேலை பார்க்கும் பூட்டுக் கம்பெனியில் வேண்டாத காகிதங்களை மெஷினில் விட்டுக் கிழிப்பது இவள் பொறுப்பு. கிழித்ததை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். கண்ணாடி உடையாமல் போய்ச் சேர இதைவிட நல்ல மெத்தை கிடையாது. "எடுத்துட்டுப் போம்மா, எனக்கும் குப்ப கொறயும்" என்று முதலாளியே சொல்லியிருந்தார்.

நாரை அள்ளி ஓரமாகப் போடும்போது ஒன்று மட்டும் ஈரக்கையில் ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் சுருண்டு கிடக்க, இது நாலாக மடிக்கப்பட்டிருந்தது. நகத்தால் அழுத்தி மடித்த மடிப்பு. மெஷின் கிழிக்குமே தவிர மடிக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபடியே பிரித்தாள். உள்ளே ஒரு வரி, முழுசாக இருந்தது. மூன்றாம் குறுக்குத் தெரு, பதினெட்டு, மாடி. அதை அடுத்து நாலு எண்கள். அதை அடுத்து, பின்கதவுத் தாழ்ப்பாள் பலவீனம். கடைசியாக, தனியாக இருக்கிறார், போகும்முன் ஃபோன் செய்யவும், பெண் குரல் மட்டும்.

வாடிக்கையாளர் பட்டியலில் அந்தக் கடைசிக் குறிப்பை டைப் அடித்தது அவள்தான். இரக்கப்பட்டு அடித்தது.

அந்த மாடியில் இருப்பவர் ஒரு டீச்சர். கட்டின புருஷனிடமிருந்து தப்பி வந்தவர். அதற்கு முன்பு இரண்டு வீடு மாறியும் இரண்டையும் அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று, பூட்டுக் கம்பெனியின் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார். அழாமல் சொன்னார். அதனாலேயே இவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டாள். சாவிப் பூட்டு வேண்டாம், சாவியை யாரும் அச்செடுத்துவிடலாம், நம்பர் பூட்டு போடுங்கள் என்றார். பேரை எங்கும் எழுத வேண்டாம் என்றார். பூட்டு மாட்ட வந்த ஆள் ஆணாக இருந்ததால் அவன் வேலையை முடிக்கும்வரை இவளும் கூடவே நிற்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த நம்பர் உங்கள விட்டு வெளிய போகாதில்ல?" இவள், "எங்ககிட்ட வந்தது எங்கள விட்டுப் போகாதுங்க" என்றாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அந்த நம்பர் தன் வீட்டு வாசலில், தன் உள்ளங்கையில், ஊரைச் சுற்றிவிட்டு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வரி எப்படி முழுசாகத் தப்பியது என்பது புரிய அவளுக்கு அதிக நேரமாகவில்லை. மெஷினின் வாயில் காகிதத்தின் குட்டைப் பக்கம்தான் நுழையும். உள்ளே போன காகிதம் நீள நீளமாக, அரை விரல் அகலத்துக்குக் கிழிந்து விழும். கடிதமென்றால் வரிகள் குறுக்கே ஓடும், கத்தி ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டாக நறுக்கிவிடும். மெஷின் வந்த புதிதில் அவளும் முதலாளியும் ஒரு பழைய கடிதத்தைக் கிழித்து, குப்பையில் உட்கார்ந்து ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ஒரு துண்டில் இரண்டு எழுத்துக்கு மேல் தேறவில்லை. முதலாளி திருப்தியாகச் சிரித்தார். ஆனால் வாடிக்கையாளர் பட்டியலில் கட்டங்கள் அதிகம், அதனால் அதைக் காகிதத்தைப் படுக்கவைத்துத்தான் அச்செடுப்பார்கள். அந்தப் பட்டியலில் வரிகள் காகிதத்தின் நீளவாக்கில் ஓடும். கத்தியும் நீளவாக்கில்தான் ஓடும். மெஷின் பட்டியலைக் கிழிக்கவே இல்லை, ஆளுக்கொரு சீட்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கடிதத்தைச் சோதித்துப் பார்த்த இரண்டு பேருக்குமே பட்டியலைச் சோதிக்கத் தோன்றவில்லை. வருஷம் பிறந்து புதுப் பட்டியல் அச்செடுத்ததும் பழசை அவள்தான் கத்தை கத்தையாக உள்ளே விட்டாள். பட்டியல்தான் பழசு, அதிலிருந்த பூட்டு நம்பர்கள் எதுவும் மாறவில்லை.

"என்ன அண்ணி, கீறல் பெருசா?" என்று நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, ஒரு வெளக்குதானே, போனாப் போவுது" என்றாள். இவள் பின்னறைக்குப் போய் மூலையில் கிடந்த மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள். முட்டி போட்டுக்கொண்டு நாரை நாராகப் பிரிக்கத் தொடங்கினாள். நாத்தனாருக்கு விஷயத்தைச் சொன்னபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. "இதையெல்லாம் யாரு ஒக்காந்து படிப்பா அண்ணி? பெட்டியப் பிரிச்சா வெளக்கப் பாப்பாங்களா, குப்பையப் பாப்பாங்களா?" என்று கேட்டபடி ஒரு நாரைக் கையிலெடுத்து, நாடகத்தில் பேசுவதுபோலக் குரலை உயர்த்தி வாசித்தாள். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. ஒரு வீட்டுக்காரர் வெளியூர் போனால் பின்பக்கத்துச் சாவியை எந்தத் தொட்டிக்கு அடியில் வைப்பார் என்பது அதில் இருந்தது.

நாத்தனார் அந்த நாரை மெதுவாகக் கீழே வைத்தாள். "எத்தன பெட்டி போயிருக்கும்னு தெரியல" என்றாள். குரல் சின்னதாகியிருந்தது. "போன வாரம் கடைக்குப் போனதெல்லாம் இந்த மூட்டைதான். நல்லா நீளமா, சுருள் சுருளா இருக்குன்னு நானே தேடித் தேடி எடுத்துப் போட்டேன்." அனுப்பாமல் இருந்த பெட்டிகளையெல்லாம் இரண்டு பேரும் பிரித்தார்கள். விளக்குகளை வெறும் தரையில் வைத்துவிட்டு நாரை மட்டும் உருவி எடுத்தார்கள். கடிதத்தின் நார்கள் நிறைய, அவற்றில் ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே பட்டியலின் நார், ஒவ்வொன்றிலும் ஒரு வீடு. ஒரு கட்டத்துக்கு மேல் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். வாசிக்க வாசிக்க அடுத்தவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து நுழைந்து வெளியே வருவதுபோல உடம்பு கூசியது. டீச்சரின் ஃபோனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அவர் அடிக்கடி எண்ணை மாற்றுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தாள். போய் என்ன சொல்வது, இன்னும் எதுவும் திருடு போகவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் ஆகலாம் என்றா. நாலாக மடித்திருந்த அந்த நாரைக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு கைப்பை வேண்டாமென்று தோன்றி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது பக்கத்தில் யார் இடித்தாலும் கை நெஞ்சுக்குப் போனது. அதைப் பார்த்த ஒரு பெரியம்மா எழுந்து உட்கார இடம் கொடுத்தார். "நெஞ்சு வலியாம்மா?" என்று கேட்டவருக்கு ஆமென்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலாளி பூட்டு விற்கிறாரே தவிர அவருக்குப் பூட்டின் மேல் நம்பிக்கை கிடையாது. எதைப் பூட்டினாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பார். இன்றைக்கு அவள் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்த் தன் அறைக்கதவைச் சாத்தி, அதையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனிதர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார், இன்னும் கொஞ்சம் குடித்தார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் பயம் இரட்டிப்பாகியது. அதுவரை, எப்படியும் சார் ஏதாவது வழி வைத்திருப்பார் என்று மனசின் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"எனக்கு, என் நாத்தனாருக்கு. இப்ப உங்களுக்கு சார்."

"அதோட நிக்கட்டும்." மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "சர்வீஸ்னு சொல்லி ஆளுங்கள அனுப்புவோம். வருஷாந்திர சர்வீஸ், இலவசம். ஒவ்வொரு வீடாப் போய் நம்பர மாத்திட்டு வந்துடட்டும். முதல்ல கடைங்க, அப்பறம் பெரிய வீடுங்க. ஒரு மாசத்துல முடிச்சுடலாம்."

"டீச்சர் வீடு ஒரு மாசம் தாங்காது சார். மடிச்சு வெச்சிருக்காங்க. யாரோ படிச்சிருக்காங்க."

"மடிச்சவன் படிச்சான்னு என்னம்மா நிச்சயம்? பஸ் டிக்கெட்ட நானும்தான் மடிப்பேன்." அவருக்கே அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அந்தம்மா ஆம்பளைக்குக் கதவு திறக்காது. நம்மகிட்ட பொம்பள ஆளு இல்ல. நீ போயி என்ன சொல்லுவ? உண்மையச் சொல்லுவியா? ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். நாளைக்கு இந்தக் கடையில யாராவது ஒரு தாழ்ப்பாள் வாங்குவானா? இங்க வேல பாக்குறவங்க எல்லார் வீட்லயும் ஒல கொதிக்கணும். உன் வீட்லயுந்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவதுபோல, "சொல்லிடாதம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்திவரை நின்று பரிமாறியவர். அதனால்தான் அவளால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்புக் கேட்டாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

முதலில் கடைவீதிக்குப் போனாள். டீச்சரிடம் போவதற்கு முன், யார் படித்தது என்று தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உண்மையில், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசை. பரிசுப்பொருள் கடை வாசலில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பில் நார் தொங்கியது. நடைபாதை ஈரத்தில் நசுங்கிக் கிடந்தது. முன்னால் போன ஒருவரின் செருப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டு, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் வாலாட்டியபடி அவர் கூடவே போனது. அது கடிதமா பட்டியலா என்று பார்க்க அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனாள். அந்த மனிதர் நின்று திரும்பி முறைத்ததும் திரும்பி வந்துவிட்டாள். தொட்டிக்குள் கைவிட்டு அள்ளினாள், எடுத்ததைப் பைக்குள் திணித்தாள். வழியில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். நன்றாக உடுத்தின பெண் குப்பை பொறுக்குவதை யாரும் சும்மா கடந்துபோவதில்லை.

கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். "வெளக்குக்கார அம்மாவோட அண்ணிதானே நீங்க? என்னாச்சு, எதாவது தொலஞ்சு போச்சா?"

ஆமாம் என்றாள். பிறகு, விளக்கைத் திருப்பிக் கொடுத்தவர் யார் என்று கேட்டாள்.

"அதுவா. ஒருத்தர் வாங்கிட்டுப் போயி, மறுநாளே அடியில கீறல்னு கொண்டாந்து குடுத்துட்டாரு. வாங்கிட்டுப் போறவங்க பேரெல்லாமா கேப்போம்? ஆனா தன்மையான மனுஷன். சண்டையெல்லாம் போடல." அவர் யோசித்துப் பார்த்துச் சிரித்தார். "வெளக்க விட்டுட்டு இந்தக் காகிதத்தப் பத்திதான் கேட்டாரு. எங்கேர்ந்து வருது, தெனமும் வருதான்னு. நான் என்னத்தக் கண்டேன், அவங்க வீட்ல யாரோ பூட்டுக் கம்பெனில வேல பாக்குறாங்க, அங்கேர்ந்து வருதுன்னேன். ஏம்மா, சொல்லக்கூடாதா?"

அவள் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு, நடுத்தர வயசு, சட்டையை உள்ளே விட்டிருந்தார், அவ்வளவுதான் என்றார் கடைக்காரர். ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். அது யாராகவும் இருக்கலாம். டீச்சரின் புருஷன் எப்படி இருப்பான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வீட்டில் பெண்டாட்டிக்கு விளக்கு வாங்கிப்போன ஒரு சாதாரண மனிதராக இருக்கலாம், சும்மா பேச்சுக் கொடுத்திருக்கலாம், கை துறுதுறுவென்று மடித்திருக்கலாம். திருடனாக இருந்தால் நாரைத் திருப்பி வைப்பானா என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். அந்த வாதம் பஸ் நிறுத்தம் வரைக்கும்தான் தாங்கியது. ஒரு தெருவும் நாலு எண்ணும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவன் யார்? படித்த பிறகு காகிதம் எதற்கு?

மூன்றாம் குறுக்குத் தெருவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வீடு வந்திருக்கும் நேரம். தெருமுனையில் ஒருவன் வண்டியில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தான். அவனைத் தாண்டும்போது அவளுக்கு வேறொரு பயம் வந்தது. பூட்டுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள் யார் என்று ஒருவன் தெரிந்துவைத்திருந்தால், காலையிலிருந்து அவள் பின்னாலேயே வந்திருந்தால், இப்போது வீட்டைக் காட்டிக்கொடுப்பது அவளேதானே. நின்றாள். மருந்துக்கடைக்குள் போய் ஒரு தலைவலி மாத்திரை வாங்கினாள். வெளியே வந்தபோது வண்டியும் இல்லை, அவனும் இல்லை. அது நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அவன் எந்தப் பக்கம் போனான் என்று பார்க்காமல் விட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட ஓட்டமும் நடையுமாகப் பதினெட்டாம் எண்ணுக்கு வந்தாள். கீழே ஆளில்லாத கிடங்கு, பக்கவாட்டில் மாடிப்படிக்குத் தனியாக ஒரு தெருக்கதவு. அதைத் தள்ளிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறினாள். படி நடுவில் ஒருமுறை திரும்பியது, அதற்கு மேல் இருட்டாக இருந்தது.

மாடிக் கதவில் நம்பர் பூட்டின் பொத்தான்கள் பச்சையாக மினுங்கின. அவளுக்கு மணியை அடிக்கக் கை வரவில்லை. அந்த நாலு எண்ணும் விரல் நுனிக்கு வந்து நின்றன. அழுத்தினால் திறந்துவிடும், அவ்வளவுதான், எவனுக்கும் இவ்வளவுதான் வேலை. விரலை மடக்கிக்கொண்டு மணியை அடித்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவின் சின்னக் கண்ணாடித் துளையில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. உள்ளே கண் வைத்துப் பார்க்கிறார்.

"யாரு?"

"பூட்டுக் கம்பெனியிலேர்ந்துங்க. நான்தாங்க, ஆபீஸ்ல இருப்பேனே. பூட்டு மாட்டுறப்ப கூட நின்னேனே."

"ஃபோன் பண்ணாம வரமாட்டீங்களே."

"உங்க நம்பர் போகலைங்க."

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்லைங்க. தனியாத்தான் வந்தேன்." சொன்னபோதே அது உண்மைதானா என்ற சந்தேகத்தில் அவள் திரும்பிப் படியைப் பார்த்தாள்.

"என்ன விஷயம்?"

"சர்வீஸுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வருஷத்துக்கு ஒருதரம் பூட்டு நம்பர மாத்திடச் சொல்லியிருக்காங்க. இலவசம்."

"ஏன்?"

சாதாரணக் கேள்வி. ஆனால் அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிக்கொண்டு பேசிய அதே குரல். இப்படி எத்தனை பேர் எத்தனை காரணம் சொல்லி எத்தனை கதவைத் திறக்கவைத்திருப்பார்கள் இந்த அம்மாவை? முதலாளியின் முகம் வந்தது. மேசை விளிம்பைத் தடவிய விரல்கள் வந்தன. மாசா மாசம் வரும் சம்பளம், பின்னறை, தரையில் வரிசையாக நிற்கும் விளக்குகள் எல்லாம் வந்தன. அவள் ரவிக்கைக்குள்ளிருந்து நாரை எடுத்தாள். வியர்வையில் நனைந்திருந்தது, எழுத்து மட்டும் அழியவில்லை. குனிந்து கதவுக்கு அடியில் நுழைத்தாள்.

"நீங்க குடுத்தத நான் வெளிய விட்டுட்டேங்க" என்றாள். தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "கிழிச்சோம்னு நெனச்சேன். கிழியல. ஊருக்குள்ள போயிட்டு, மடிச்சுத் திரும்பி வந்திருக்கு. யாரு பாத்தாங்கன்னு தெரியல."

நாரின் இந்த முனை இன்னும் அவள் விரலில் இருந்தது. மறுமுனையை உள்ளிருந்து ஒரு கை பிடித்து மெதுவாக இழுத்தது. விட்டாள். உள்ளே டீச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரி வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும், அதைவிடப் பல மடங்கு நேரமாகியது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் கூட அழலாம் என்று அவள் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. காலடிச் சத்தம் கதவைவிட்டு விலகிப் போனது. பிறகு கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கட்டிலாக இருக்கலாம், அலமாரியாக இருக்கலாம். அது வாசல் பக்கம் வரவில்லை. நின்று நின்று, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, பின்பக்கமாகப் போனது. பின்கதவு என்று எழுதியிருந்த இடம்வரை டீச்சர் வாசித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

உதவிக்கு உள்ளே போக முடியாது, கதவைத் திறங்கள் என்று கேட்கவும் முடியாது. காலடி திரும்பி வந்ததும் கதவோடு வாயை வைத்துச் சொன்னாள். "உள்பக்கமும் பொத்தான் இருக்குதுங்க. நட்சத்திரத்த அமுக்கிப் பிடிச்சா சிவப்பு வெளக்கு வரும். பழைய நம்பரப் போட்டுட்டு உடனே புதுசப் போடுங்க. எங்ககிட்ட சொல்லவேண்டாம். யாருகிட்டயும் சொல்லவேண்டாம்." இது வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித்தரக்கூடாத விஷயம், சொன்னால் அப்புறம் சர்வீஸுக்கு யார் கூப்பிடுவார்கள் என்பது முதலாளியின் கணக்கு. "நாளைக்கு வந்து பின்கதவுக்கு இரும்புத் தாழ் நானே நின்னு போட வெக்கிறேங்க" என்றும் சொன்னாள். நாளைக்கு அந்த வேலையில் தான் இருப்போமா என்பதை அதற்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

உள்ளே நீண்ட ஒரு ஒலி எழுந்தது. சிவப்பு விளக்கு வந்திருக்கும். முதல் பொத்தானின் கீச்சொலி கேட்டதும் அவள் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லா எண்ணுக்கும் ஒரே சத்தம்தான், கேட்டால் ஒன்றும் தெரிந்துவிடாது, அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். காதுக்குள் தன் ரத்தம் ஓடும் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. கீழே படி திரும்பும் இடத்தில், சுவரின் மேல், தெருவிளக்கின் வெளிச்சம் கதவளவு அகலத்துக்கு விழுந்து கிடந்தது. வந்த அவசரத்தில் தெருக்கதவை அவள் சாத்தவில்லை.